வேலூர் வீட்டில் மணி பிளான்ட்: இடம் பார்ப்பது முதல் கொடி நீள்வது வரை

மணி பிளான்டைச் சாகாத செடி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் சித்திரை வைகாசியில் அது வரிசையாகச் சாகிறது. புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அழகான தொட்டியை முதலில் வாங்குகிறார்கள். அதற்கேற்ற செடியை அடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்தபின் இடம் தேடுகிறார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்று கடைசி வரை யோசிப்பதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதித் தொல்லை போய்விடும். முதலில் இடம், அடுத்து தண்ணீர், பிறகு மண், கடைசியில்தான் செடி.

1. முதலில் ஜன்னலைப் பாருங்கள்

இந்தக் கொடிக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. காட்டில் பெரிய மரங்களின் நிழலில் ஏறி வளரும் இனம் என்பதால், நம் ஊர் பதினொரு மணி வெயில் நேரே பட்டால் இலை அன்றைக்கே வெந்துவிடும்.

கிழக்கு ஜன்னல்தான் முதல் தேர்வு. காலை எட்டு, எட்டரை வரை விழும் இளவெயில் ஒன்றும் செய்யாது. மேற்கு ஜன்னலை மறந்துவிடுங்கள். மாலை மூன்று மணி வெயிலோடு, நாளெல்லாம் சூடேறிய சுவரின் அனலும் அங்கே சேர்ந்து வரும்.

வடக்கிலும் தெற்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் பிப்ரவரியில் குளுகுளுவென்று இருந்த வடக்கு ஜன்னலில் ஜூன் மாதம் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். தெற்கு ஜன்னல் இதற்கு நேர்மாறு. கோடையில் நிழலாக இருக்கும், மார்கழியிலும் தையிலும் வெயில் கூடத்துக்குள்ளேயே வந்து விழும். வடக்கிலோ தெற்கிலோ வைப்பவர்கள் வருடத்தில் இரண்டு முறை தொட்டியை நகர்த்தத் தயாராக இருக்க வேண்டும்.

இடம் சரியா என்று பார்க்க ஒரு வெள்ளைத்தாள் போதும். காலை பதினொரு மணிக்குத் தாளை அந்த இடத்தில் வைத்து, ஒரு அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விளிம்பு மங்கலான நிழல் விழுந்தால் நல்ல இடம். கத்தரித்ததுபோல் கறுப்பாக விழுந்தால் நேர் வெயில். நிழலே தெரியவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், வளராது. இலையில் உள்ள மஞ்சள் கீற்றும் மெல்லப் போய் எல்லாம் பச்சையாகிவிடும். வெளிச்சம் குறைந்தால் அதற்குப் பச்சையம் அதிகம் தேவைப்படுகிறது.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. கூரைக் கொக்கியில் தொங்கவிட ஆசைப்படாதீர்கள். பகலில் மொட்டை மாடி வாங்கிய சூட்டை இரவெல்லாம் கூரை கீழே இறக்கும், கூரைக்கு ஒரு அடி கீழேதான் உங்கள் செடி தொங்கும். அலமாரி உயரமே போதும்.

2. உங்கள் வீட்டுத் தண்ணீர் என்ன தண்ணீர்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் செடி வளர்ப்பதில் இதுதான் பெரிய விஷயம். வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது வருவதே இல்லை.

பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறுகிறதா, பாருங்கள். வாட்டர் பியூரிஃபையர் பழுதுபார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். அவர் வரும்போது போர் தண்ணீரையும் ஒரு முறை அளந்து காட்டச் சொல்லுங்கள். 500க்குள் இருந்தால் கவலை இல்லை. 1000ஐத் தாண்டினால் தனியாக ஊற்றாதீர்கள், நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். செடி தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் இலை நுனி கருகும். அதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், இன்னும் உப்பு சேரும்.

பியூரிஃபையரில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க, கழிவறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத் தண்ணீர்தான் முதல் தரம். ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, பக்கெட்டில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்தபின் போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலக்கலாம். காவிரித் தண்ணீர் வரும் தெருவில் இருந்தால் ஒரு குடம் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றுங்கள், குளோரின் வாசனை போய்விடும்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

அடியில் ஓட்டை உள்ள ஆறு அங்குலத் தொட்டி. கூரான கத்தி அல்லது கத்தரிக்கோல். வாய் குறுகிய பாட்டில். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய மாட்டெரு, கொஞ்சம் செங்கல் துண்டு. இவ்வளவுதான்.

மண் தொட்டியா பிளாஸ்டிக்கா என்பது உங்கள் கையைப் பொறுத்தது. சும்மா சும்மா தண்ணீர் ஊற்றும் கை என்றால் மண் தொட்டி, அதன் சுவர் வழியாகவும் ஈரம் போகும். வாரம் ஒருமுறைதான் செடி ஞாபகம் வரும் என்றால் பிளாஸ்டிக். ஓட்டை இல்லாத பீங்கான் ஜாடியில் மட்டும் நேரடியாக நடாதீர்கள். அதுதான் வேண்டும் என்றால் ஓட்டையுள்ள தொட்டியை அதற்குள் இறக்கி வைத்து, ஊற்றிய அரை மணியில் ஜாடியில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

4. எந்த மாதம் தொடங்கலாம்

ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை நல்ல காலம். மாலை மழை வர ஆரம்பித்து, காற்றில் ஈரம் இருக்கும், வேர் சீக்கிரம் விடும். மாசியும் பரவாயில்லை. பங்குனிக்கு மேல் வேண்டாம். புதுத் துண்டில் வேர் இல்லாததால் அது இழக்கும் ஈரத்தை ஈடுகட்ட வழி கிடையாது. மார்கழியில் கெட்டுப்போகாது, ஆனால் இரவுக் குளிரில் வேர் விட இரட்டிப்புக் காலம் எடுக்கும்.

5. கொடியை வெட்டுவது

நர்சரியில் வாங்குவதைவிடப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் அந்தக் கொடி ஏற்கெனவே உங்கள் தெருத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பழகியிருக்கும். திருடி வைத்தால்தான் வளரும் என்பார்கள். அப்படித் திருடுகிறவர்கள் அவசரத்தில் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போவதால் பெரும்பாலும் வளர்வதில்லை. கேட்டால் கொடுப்பார்கள், நிதானமாகக் கணு பார்த்து வெட்டலாம்.

கணுதான் எல்லாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு முடிச்சு, அதன் எதிரில் பழுப்பு நிறத்தில் சின்னப் புடைப்பு. வேர் வருவதும் புதுத் தளிர் வருவதும் அங்கிருந்துதான். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில சமயம் வேர்கூட விடும், கொடி மட்டும் வராது.

நுனித் தளிர் மிக மென்மை, அடித்தண்டு முற்றல். இரண்டுக்கும் நடுவில், இரண்டு மூன்று கணு வரும்படி ஒரு சாண் நீளம் எடுங்கள். கத்தியைக் கொதிநீரில் கழுவிக்கொண்டு, கடைசிக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் வெட்டுவாய் அழுகும்போது கணுவும் சேர்ந்து போகும். அடி இலையைக் காம்போடு கிள்ளிவிடுங்கள், தண்ணீருக்குள் மூழ்கிய இலை அழுகி மொத்தப் பாட்டிலையும் கெடுக்கும். ஒரு தொட்டிக்கு நான்கைந்து துண்டாவது எடுங்கள். ஒற்றைக் கொடி எத்தனை வருடம் வளர்ந்தாலும் ஒற்றைக் கொடியாகத்தான் தெரியும்.

6. பாட்டிலில் வேர் விடவைப்பது

அடிக்கணு மூழ்கும் அளவு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் என்றால் பழைய செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து தண்டு வழவழக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று டெங்கு கொசு. ஏடிஸ் கொசு முட்டையிட்டால் நம் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்து பார்க்கும் இடங்களில் மணி பிளான்ட் பாட்டிலும் ஒன்று. மாற்றும்போது பாட்டிலின் உள்சுவரை விரலால் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் சுவரில்தான் ஒட்டியிருக்கும். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைப்பதும் உதவும்.

பத்துப் பதினைந்து நாளில் வெள்ளை வேர் தெரியும். இரண்டு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றுங்கள். நீண்ட வேர் பார்க்க அழகாக இருக்கிறது என்று மூன்று மாதம் பாட்டிலில் விட்டுவிட்டு நடுகிறார்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் மெல்லியது, எளிதில் ஒடியும். எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மண்ணோடு பழகத் திணறும்.

7. மண் கலவை

வேர் வரும் இந்த இரண்டு வாரத்தில் கலவையைச் செய்து வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, சுண்டைக்காய் அளவு செங்கல் துண்டு அரைப் பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, லேசாக ஈரப்படுத்தி மூடி வையுங்கள். புண்ணாக்கு மட்கும்போது சூடு வரும், அது நடுவதற்கு முன்பே அடங்கிவிட வேண்டும்.

கட்டியாக வரும் நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அதில் இயற்கையாகவே உப்பு உண்டு, நம் ஊர்த் தண்ணீர் உப்போடு அதுவும் சேரக் கூடாது. வெறும் செம்மண்ணில் நடுபவர்களும் உண்டு. முதல் மாதம் நன்றாக இருக்கும், பிறகு மண் செங்கல்லாக இறுகி, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்தோடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். வயல் களிமண் அதைவிட மோசம்.

கலவையை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாக நின்று, விரல் பட்டதும் உதிர்ந்தால் சரி. தண்ணீர் சொட்டினால் செங்கல் துண்டு இன்னும் போடுங்கள்.

8. நடுவது

ஓட்டையின் மேல் ஓடு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, முக்கால் தொட்டி நிரப்பி, துண்டுகளை வட்டமாக வைத்து, கணு ஒரு அங்குலம் புதையும்படி மண் போடுங்கள். அமுக்க வேண்டாம், தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் மண் தானே அமரும். விளிம்பில் ஒரு அங்குலம் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் தரைக்குப் போகும்.

முதல் பத்து நாள் மட்டும் மண் காயாமல் இருக்கட்டும். தண்ணீரில் பிறந்த வேர் மண்வேராக மாற அந்த ஈரம் வேண்டும். அதற்குப்பின் கீழே சொல்லும் முறைக்கு மாறிவிடுங்கள். அந்தப் பத்து நாள் பழக்கத்தையே தொடர்ந்து செடியைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

9. தண்ணீர் ஊற்றுவது

கிழமை வைத்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் தண்ணீர் வெளிவரும் வரை ஊற்றுங்கள். அரை டம்ளர், கால் டம்ளர் என்று தினமும் தெளிப்பதால் மேல்மண் நனையும், கீழ்வேர் காயும், உப்பும் நடுவிலேயே தங்கும். கோடையில் மண் தொட்டிக்கு இரண்டு மூன்று நாளில் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் அதே தொட்டிக்குப் பத்து நாள்கூடத் தேவைப்படாது.

மாதம் ஒருமுறை, இருப்பதிலேயே நல்ல தண்ணீரை, தொட்டி கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். தங்கிய உப்பு கரைந்து போகும். தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காலையிலேயே ஊற்றிவிடுங்கள். மே மாதம் மதியம் மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரில் கைகூட வைக்க முடியாது, அதை வேரில் ஊற்றக் கூடாது. அப்போதுதான் தேவை என்றால் பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

10. கத்திரி வெயிலில்

மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் மூன்றரை வாரம் நீடிக்கும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இந்தச் செடி வளர்வதை நிறுத்திக்கொள்ளும். அது இயல்பு. வளரவில்லையே என்று உரம் போடுவதும், இடம் மாற்றி மாற்றி வைப்பதும், வெட்டுவதும் இந்த மாதத்தில் வேண்டாம்.

மதியம் இலை துவண்டு தொங்கும். உடனே சொம்பைத் தூக்காமல் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் தாகமில்லை, இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜன்னலில் இருந்து உள்ளே தள்ளி வையுங்கள். மறுநாள் காலை நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலையிலும் துவண்டே இருந்து மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. வேலூரில் இந்தச் செடி அதிகம் சாவது இந்த ஓரிடத்தில்தான்: ஈர மண்ணில் துவண்ட செடிக்கு இன்னும் தண்ணீர்.

ஏசி காற்று நேரே அடிக்கும் இடம் இலை ஓரத்தை உலர்த்தும். ஏர் கூலர் இருக்கும் அறை நல்லது, அதன் முகத்துக்கு நேரே மட்டும் வேண்டாம். இலைமேல் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் காற்றில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். பதிலாக வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் இலைமேல் தூசி படலமாகப் படியும், அது வெளிச்சத்தை மறைக்கும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெயோ பாலோ தடவ வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும்.

11. தொங்கவிடுவதா, ஏற்றுவதா

கூடத்தின் சுவரைச் சுற்றி ஆணியடித்துக் கொடியை ஓட்டுவது நம் வீடுகளில் வழக்கம். தொங்கும் கொடியில் இலை வரவரச் சிறுக்கும், தொட்டிப் பக்கம் மொட்டையாகும். கொடியின் நுனி, கீழ்க்கணுக்கள் தளிர்ப்பதைத் தடுத்து வைத்திருப்பதுதான் இந்த மொட்டைக்குக் காரணம். நுனியை எடுத்துவிட்டால் தடை நீங்கும். ஆடி மாதம் தைரியமாகப் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள், கணுவுக்குச் சற்று மேலே. வெட்டிய துண்டுகளை வேர் விடவைத்து அதே தொட்டியில் நடுங்கள்.

வெட்ட மனமில்லாதவர்கள் நீண்ட கொடியைத் தொட்டி மண்மேல் வளையமாகச் சுற்றி, கணு மண்ணில் படும்படி ஹேர்பின்னால் குத்தி வையுங்கள். ஒவ்வொரு கணுவும் வேர் பிடிக்கும்.

பெரிய இலை வேண்டுமா, மேலே ஏற்றுங்கள். பிளாஸ்டிக் குழாயில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும், கடையில் விற்கும் கம்பம் தேவையில்லை. கயிறு ஈரமாக இருந்தால்தான் பற்றுவேர் அதில் புகும். கயிற்றுக்கு மட்டுமாவது உப்பில்லாத தண்ணீர் ஊற்றுங்கள், வெள்ளை பூத்த கயிற்றை வேர் பிடிப்பதில்லை.

12. உரம்

ஆனி முதல் ஐப்பசி வரை மாதம் ஒருமுறை 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். மற்ற மாதங்களில் வேண்டாம், வளராத செடிக்குப் போடும் உரமும் உப்பாகத்தான் தங்கும். பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளைப் போட்டால் எறும்பு வரும், எறும்பின் பின்னால் மாவுப்பூச்சி வரும்.

தொட்டி மாற்றுவது ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓர் அளவு மட்டும் பெரியதாக. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

13. இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

அடியில் ஒரே ஒரு பழைய இலை மஞ்சளானால் வயதுதான், கிள்ளிப் போடுங்கள். நாலைந்து இலை ஒன்றாக மஞ்சளாகி மண் ஈரமாக இருந்தால் தொட்டியில் இருந்து எடுத்துப் பாருங்கள். பழுப்பாகி, நசுங்கி, நாற்றமடிக்கும் வேர் இருந்தால் அதைக் காப்பாற்றப் போராடுவதைவிட, நன்றாக இருக்கும் கொடியை வெட்டி 5ஆவது படியில் இருந்து மறுபடி தொடங்குவது நிச்சயமான வழி. பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

நுனி மட்டும் மொறுமொறுவென்று பழுப்பானால் உப்பு. இலை நடுவில் வெளிறிய பெரிய தழும்பு என்றால் வெயில். இலை சுருண்டு, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருந்தால் நிஜமான தாகம், இது ஒன்றுதான் தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் சரியாகும்.

14. பூச்சி, பிள்ளைகள், பூனை

இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம், ஏனென்றால் முட்டைகள் முதல் முறையில் சாகாது. கோடையில் இலை முழுக்க ஊசிப்புள்ளி விழுந்து அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. குழாயடியில் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு அதே கரைசலை அடியுங்கள்.

இந்தச் செடியின் எல்லாப் பாகத்திலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ பூனை, நாயோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், வெட்டியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

15. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது

கிளம்பும் அன்று காலை நன்றாக ஊற்றி, தொட்டியை ஜன்னலுள்ள குளியலறைத் தரைக்கு மாற்றுங்கள். வீட்டிலேயே சூடு குறைந்த இடம் அதுதான். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து, ஒரு முனையைத் தண்ணீர் நிறைந்த மூடியிட்ட பக்கெட்டின் அடியிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் இரண்டு அங்குல ஆழத்திலும் செருகுங்கள். பக்கெட் தொட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்து, மண் நனைகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். சில துணிகள் தண்ணீரை இழுப்பதே இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதானால் விரலை விட்டுப் பார்க்கும் முறையையும் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அன்பில் தினமும் ஊற்றிவிடுவார்கள்.